டெக்சாஸ் நாட்டுப்புறக் கவுண்டியில் நில மதிப்பு ஏறினால்: விடுவதா, நாமே வாதாடுவதா, ஏஜென்ட்டிடம் கொடுப்பதா?

டெக்சாஸில் ஊர்ப்புறமாகப் பத்து, இருபது ஏக்கர் வாங்கிப் போட்ட தமிழர்கள் இப்போது நிறையப் பேர். ஆஸ்டினில் வேலை, லீ கவுண்டியிலோ ஃபயட் கவுண்டியிலோ நிலம். டாலஸ் பக்கம் வீடு, ஃபானின் அல்லது ஹண்ட் கவுண்டியில் ஒரு துண்டு. ஹூஸ்டன்காரர்களுக்கு கிரைம்ஸ், வாஷிங்டன். ஏப்ரல், மே மாதங்களில், சொத்து வரிக்காக நில மதிப்பைப் போடும் உள்ளூர் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து மதிப்பு நோட்டீஸ் வந்ததும் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: "போன வருஷத்தைவிட இவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள். வரி ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடவா, நானே போய்ப் பேசவா, இல்லை இந்த வருஷம் விட்டுவிடவா?"

நகரத்து வீடு என்றால் விடை சுலபம். ஒரே பில்டர் கட்டிய ஒரே அளவு வீடுகள் தெரு முழுக்க இருக்கும். பக்கத்து வீட்டின் மதிப்போடு ஒப்பிட்டு ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். நாட்டுப்புறத்தில் ஓர் ஏக்கர் போல இன்னொன்று இருப்பதில்லை. மழைக்கு ஓடைத் தண்ணீர் ஏறும் பள்ளம், கேஸ் பைப்லைன் போகும் பட்டை, ரோட்டைத் தொடாத பின்பக்கத் துண்டு எல்லாமே "ஏக்கருக்கு இவ்வளவு" என்று ஒரே பட்டியல் விலையில் மதிப்பிடப்பட்டிருக்கும். அதனால் யார் வாதாடுவது என்று யோசிப்பதற்கு முன் எந்த எண்ணை எதிர்த்து வாதாடப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். உங்கள் கையில் பணம் நிற்குமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

## மதிப்பை யார், எப்படிப் போடுகிறார்கள்

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. பள்ளிக்கூடம், கவுண்டி ரோடு, அவசர சேவை எல்லாம் பெரிதும் சொத்து வரியை நம்பித்தான் ஓடுகின்றன. மதிப்பைப் போடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். வரி விகிதத்தைப் போடுவது பள்ளி மாவட்டமும் கவுண்டி கமிஷனர்களும் மற்ற அமைப்புகளும். இந்த இரண்டில் நீங்கள் எதிர்த்துப் பேச முடிவது மதிப்பை மட்டுமே. அதுவும் அந்த ஆண்டு ஜனவரி 1 நிலவரப்படி என்ன மதிப்பு என்பதை.

நாட்டுப்புற அலுவலகங்களில் ஊழியர்கள் குறைவு. ஒவ்வொரு நிலத்துக்கும் நேரில் வந்து பார்ப்பதில்லை. வான்படம், நில அளவு, ரோட்டு முகப்பு ஆகியவற்றை வைத்துப் பட்டியல் விலை போடுகிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதனால் இரண்டு ஆண்டு அசையாமல் இருந்த எண் ஒரேயடியாகத் தாவுவது சகஜம். அதோடு டெக்சாஸில் விற்ற விலையை அரசிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. சின்ன கவுண்டியில் விற்பனையே குறைவு, அதிலும் விலை தெரிந்தவை இன்னும் குறைவு. கையில் கிடைத்த சில விற்பனைகளை வைத்துத்தான் பெரிய பரப்புக்கு விலை சொல்லப்படுகிறது.

மேலிருந்தும் ஓர் அழுத்தம் உண்டு. மாநிலத்தின் வரி, நிதிக் கணக்கைப் பார்க்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் சொத்து மதிப்பையும் தானே ஆய்வு செய்கிறது. உள்ளூர் மதிப்பு சந்தையைவிட மிகவும் தாழ்ந்திருந்தால் பள்ளிக்கு வரும் மாநில நிதி பாதிக்கப்படலாம். ஆகவே கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்களைக் குறிவைத்து ஏற்றியதாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பட்டியல் பொதுவாக ஏற்றப்பட்டது. உங்கள் நிலம் அந்தப் பட்டியலுக்குப் பொருந்தவில்லை என்று காட்டுவதுதான் உங்கள் வேலை.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். வரி எந்த எண்ணின்மேல் விழுகிறது, கட்டணம் போகக் கையில் நிற்பது எவ்வளவு, உங்களிடம் என்ன சான்று இருக்கிறது, அடுத்த ஆண்டுகளுக்கு இது என்ன செய்யும், எவ்வளவு நேரமும் தூரமும் ஆகும். முதலாவதை மட்டும் விரிவாகப் பார்ப்போம். மற்றவை அதன் பின்னால் வருபவை. அட்டவணையில் வரும் வேளாண் மதிப்பீடு என்பது, விவசாய நிலத்தை விற்கக்கூடிய விலையை வைத்து அல்லாமல் விவசாயத்தில் அது ஈட்டக்கூடியதை (விளைச்சல் மதிப்பு) வைத்து மதிப்பிடும் சலுகை. ஹோம்ஸ்டெட் என்பது உங்கள் முதன்மைக் குடியிருப்பு.

| உங்கள் நிலை | வரி விழும் எண் | சந்தை மதிப்பைக் குறைத்தால் இந்த ஆண்டு பயன் |
|---|---|---|
| வேளாண் மதிப்பீடு உள்ள வெறும் நிலம் | விளைச்சல் மதிப்பு | இல்லை |
| வேளாண் மதிப்பீடு உள்ள நிலம், அதில் ஒரு வீடு | நிலத்துக்கு விளைச்சல் மதிப்பு. வீட்டுக்கும் வீட்டு மனைக்கும் தனி மதிப்பு | வீடு, மனை பகுதியில் மட்டும் |
| நீங்கள் குடியிருக்கும் ஹோம்ஸ்டெட் | ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற உச்சவரம்புக்கு உட்பட்ட மதிப்பு | சந்தை மதிப்பு அந்த வரம்புக்கும் கீழே இறங்கினால் மட்டும் |
| ஹோம்ஸ்டெட்டும் வேளாண் மதிப்பீடும் இல்லாத நிலம், சில ஆண்டுகளாக உங்களிடம் | 20 சதவீத உச்சவரம்புக்கு உட்பட்ட மதிப்பு | மேலே சொன்னது போலவே |
| புதிதாக வாங்கி முதல் ஜனவரி 1 கடந்த நிலம் | முழுச் சந்தை மதிப்பு | நேரடியாக, ஒவ்வொரு டாலருக்கும் |

20 சதவீத வரம்பு 2024 முதல் 2026 வரையான வரி ஆண்டுகளுக்கு மட்டும் கொண்டுவரப்பட்டது. ஏறக்குறைய 50 லட்சம் டாலருக்கு உட்பட்ட சொத்துகளுக்குத்தான் அது பொருந்தும்.

நோட்டீஸில் மார்க்கெட் வேல்யூ, அப்ரைஸ்ட் வேல்யூ என்று இரண்டு எண்கள் இருக்கும். சந்தை மதிப்பு 4 லட்சம், உச்சவரம்பால் அப்ரைஸ்ட் மதிப்பு 3 லட்சம் என்றால், வாதாடிச் சந்தை மதிப்பை மூன்றரை லட்சமாகக் குறைத்தாலும் இந்த ஆண்டு வரி ஒரு காசும் குறையாது.

அட்டவணையின் கடைசி வரிசையை மறுபடி பாருங்கள். உச்சவரம்பு, நீங்கள் உரிமையாளராக இருக்கும் முதல் ஜனவரி 1-க்கு அடுத்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே முதல் ஆண்டு மதிப்பு எங்கே நிற்கிறதோ, அதன்மேல்தான் அடுத்த ஆண்டின் வரம்பு கணக்கிடப்படும். வாங்கிய புதிதில் "முதல் வருஷம்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று விடுவது எனக்குத் தெரிந்து மிகவும் விலை உயர்ந்த முடிவு.

## எல்லாவற்றுக்கும் முன்னால்: வேளாண் மதிப்பீடு இருக்கிறதா

ஒரு கணக்கு. 15 ஏக்கர், ஏக்கர் 20,000 டாலர் என்று மதிப்பு போட்டால் மொத்தம் 3 லட்சம். எல்லா வரிகளும் சேர்ந்து 1.7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 5,100 டாலர். வாதாடிப் பத்து சதவீதம் குறைத்தால் மிச்சம் 510 டாலர். அதே நிலத்துக்கு வேளாண் மதிப்பீடு இருந்து, விளைச்சல் மதிப்பு ஏக்கருக்கு 150 டாலர் என்று வந்தால் மொத்த வரியே 40 டாலருக்குள். விகிதங்கள் கவுண்டிக்குக் கவுண்டி மாறும். ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள இந்தப் பெரிய இடைவெளி எங்கும் இருக்கும்.

நிலம் வாங்கும்போது விற்றவருக்கு வேளாண் மதிப்பீடு இருந்திருக்கும். அது உங்களுக்குத் தானாக வந்துசேராது. உரிமையாளர் மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். கெடு ஏப்ரல் 30. அதைத் தவறவிட்டாலும் ஏ.ஆர்.பி. (மதிப்பு மனுக்களை விசாரிக்கும் வாரியமான அப்ரைசல் ரிவ்யூ போர்டு) அந்த ஆண்டின் பதிவேட்டை ஒப்புதல் செய்யும் வரை, 10 சதவீத அபராதத்தோடு விண்ணப்பிக்க இடம் உண்டு. புது உரிமையாளருக்கு நோட்டீஸில் எண் பலமடங்கு ஏறி வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். விலையை எதிர்த்து வாதாடி இதைச் சரிசெய்ய முடியாது.

கடைசி ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டாவது நிலம் முதன்மையாக விவசாயத்துக்குப் பயன்பட்டிருக்க வேண்டும், அதுவும் அந்தப் பகுதியில் வழக்கமான தீவிரத்தோடு. மாடு மேய்ச்சலுக்குப் பக்கத்து நிலக்காரருக்குக் குத்தகை விடலாம், வைக்கோல் அறுக்க விடலாம். 5 முதல் 20 ஏக்கர் வரை தேனீ வளர்ப்பும் தகுதி பெறும். 5 ஏக்கருக்கு 6 பெட்டி என்று பல கவுண்டிகள் வைத்திருக்கின்றன. உங்கள் கவுண்டியின் எழுத்து வழிகாட்டியைக் கேட்டு வாங்குங்கள். குத்தகை வாய்ப்பேச்சாக இருந்தால் அதை எழுத்தில் கொண்டுவாருங்கள், ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

ஏற்கெனவே வேளாண் மதிப்பீடு உள்ள நிலத்தை வனவிலங்கு மேலாண்மைக்கு மாற்றலாம். வாழிடம் பேணுதல், மண்ணரிப்பைத் தடுத்தல், தண்ணீர் வைத்தல், தீனி வைத்தல், தங்குமிடம் அமைத்தல், கொன்றுண்ணிகளைக் கட்டுப்படுத்துதல், கணக்கெடுப்பு ஆகிய ஏழில் மூன்றையாவது செய்ய வேண்டும். வரி அதே அளவில்தான் இருக்கும். வேலி போட்டு மாடு வளர்க்க முடியாமல் நகரத்தில் இருப்பவர்களுக்கு இது ஏற்றது.

இதிலும் ஒரு மறைசெலவு உண்டு. பிறகு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றினால், முந்தைய மூன்று ஆண்டுகளுக்குச் சலுகையால் மிச்சப்பட்ட வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். சில ஆண்டுகளில் வீட்டு மனைகளாகப் பிரித்து விற்கும் எண்ணம் இருந்தால் இதைக் கணக்கில் சேருங்கள். வேளாண் விண்ணப்பத்தை மறுத்தால் அந்த மறுப்பையும் எதிர்க்கலாம். அது விலை வாதத்திலிருந்து தனியான காரணம்.

## முதல் வழி: ஒன்றும் செய்யாமல் விடுவது

செலவில்லை, அலைச்சலில்லை. அட்டவணையில் "பயன் இல்லை" என்று வரும் நிலையில் இருப்பவர்களுக்கு இதுவே சரியான முடிவு. வேளாண் மதிப்பீடு உறுதியாக உள்ள நிலத்தின் சந்தை மதிப்பை இறக்க ஒரு நாள் விடுப்பு எடுத்துப் போவதில் அர்த்தமில்லை.

மற்றவர்கள் சும்மா இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். ஊரில் வழிகாட்டி மதிப்பு என்றால் அரசு போட்டது போட்டதுதான் என்று பழகியவர்கள் நாம். எதிர்த்தால் இன்னும் ஏற்றிவிடுவார்களோ என்று பலர் கேட்கிறார்கள். டெக்சாஸ் சட்டப்படி விசாரணை வாரியம் நீங்கள் எதிர்க்கும் மதிப்பைப் பதிவில் உள்ளதைவிட உயர்த்த முடியாது. எதிர்ப்பு மனு கொடுக்கக் கட்டணமும் இல்லை.

எனவே நோட்டீஸ் வந்ததும் முதலில் மனுவைக் கொடுத்துவிடுங்கள். யார் வாதாடுவது என்பதைப் பிறகு யோசிக்கலாம். கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அது. படிவம் 50-132. அதில் "சந்தை மதிப்பு அதிகம்" என்ற கட்டத்தையும் "மற்றவற்றோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை" என்ற கட்டத்தையும் இரண்டையும் டிக் செய்யுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் அந்த வாதத்தை எழுப்ப முடியாமல் போகலாம். ஆன்லைன் வசதி இல்லாத சிறிய அலுவலகமாக இருந்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

## இரண்டாம் வழி: அலுவலகத்திலேயே பேசி முடிப்பது

மனு கொடுத்தபின் அந்த அலுவலகத்தின் மதிப்பீட்டாளரான அப்ரைசரோடு நேரிலோ ஃபோனிலோ பேசுவது. நாட்டுப்புறத்தில் இது நகரத்தைவிடப் பலன் தரும். நகரத்தில் ஊழியர் ஒருவர் ஆயிரக்கணக்கான மனுக்களை ஓட்ட வேண்டும். சின்ன கவுண்டியில் உங்கள் நிலம் எந்த கவுண்டி ரோட்டில், எந்த வளைவில் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்கலாம்.

முதலில் உங்கள் சொத்தின் பதிவு அட்டையைக் கேட்டு வாங்கி வரி வரியாகச் சரிபாருங்கள். ஏக்கர் சர்வேயோடு ஒத்துப்போகிறதா? இடிந்துபோன மாட்டுக்கொட்டகை இன்னும் கணக்கில் இருக்கிறதா? மொபைல் ஹோம் பழைய உரிமையாளர் எடுத்துப் போனதா? வீட்டின் சதுர அடி சரியா? வெறும் திண்ணையை ஏசி அறையாகக் கணக்கிட்டிருக்கிறார்களா? இத்தகைய பிழைகள் வாதமே இல்லாமல் திருத்தப்படுபவை.

அடுத்தது நிலத்தின் குறைகள். வெள்ள அபாயப் பகுதியைக் காட்டும் ஃபெமா (மத்திய அரசின் பேரிடர் அமைப்பு) வரைபடத்தில் உங்கள் எல்லையை வரைந்து எடுத்துப் போங்கள். எத்தனை ஏக்கர் அதில் விழுகிறது என்று எண்ணாகச் சொல்லுங்கள். பைப்லைன், உயர் மின்கம்பிப் பாதை இருந்தால் பத்திரத்தில் உள்ள ஈஸ்மென்ட் (உங்கள் நிலத்தைப் பிறர் பயன்படுத்தும் உரிமை) நகல் வேண்டும். ரோட்டைத் தொடாமல் பிறர் நிலம் வழியாகப் போகும் வழி மட்டுமே இருந்தால் அது பெரிய குறை. நிலம் வாங்க வருபவர் யாரும் அதைக் கவனிக்காமல் விடுவதில்லை. கிணறு இல்லை, மின்சாரம் வரவில்லை, செப்டிக் போட மண் ஒத்துவரவில்லை என்றால் இணைப்புக்கோ மாற்று அமைப்புக்கோ வாங்கிய விலைப்புள்ளியைக் காட்டுங்கள். தேதியோடு ஃபோட்டோ எடுங்கள், முடிந்தால் மழை பெய்த மறுநாள்.

வாங்கிய விலை நோட்டீஸ் மதிப்பைவிடக் குறைவு என்றால் நிலம் வாங்கி முடித்தபோது கொடுத்த கணக்குத் தாளான குளோசிங் ஸ்டேட்மென்ட்தான் மிக வலுவான தாள். அதிக விலை கொடுத்திருந்தால் அதை நீங்களாகக் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அந்த நிலையில் "சமமாக இல்லை" என்ற வாதத்தைப் பிடியுங்கள்: ஒத்த நிலங்கள் பலவற்றுக்கு அதே அலுவலகம் போட்டுள்ள மதிப்பை எடுத்து, வேறுபாடுகளுக்கு ஏற்பச் சரிசெய்து, நடுமதிப்பைக் காட்டுவது. அந்த மதிப்புகள் எல்லாம் பொதுப்பதிவில் இருப்பதால் விற்பனை விலை தெரியாத நமக்கு இது நல்ல வழி. ஆனால் விசாரணையில் சத்தியத்தின்மேல் கேட்டால் விலையைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது.

இந்த வழியின் மறைசெலவைச் சிலரே கவனிக்கிறார்கள். அப்ரைசர் சொல்லும் எண்ணுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அதோடு அந்த ஆண்டு முடிந்தது. விசாரணை, ஆர்பிட்ரேஷன் (நடுவர் தீர்ப்பு) எல்லாக் கதவும் மூடிவிடும். அடுத்த ஆண்டுக்கும் ஒரு விளைவு உண்டு. மதிப்பு விசாரணை வாரியத்தின் உத்தரவால் குறைந்திருந்தால், மறு ஆண்டு விசாரணையில் நீங்கள் விசாரணைக்கு 14 நாள் முன்பே உங்கள் சான்றுகளைக் கொடுத்தால், அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தன் மதிப்பை "தெளிவான, உறுதியான" சான்றால் நிரூபிக்க வேண்டும். இது வழக்கமானதைவிட உயர்ந்த தரம். எழுத்து ஒப்பந்தத்தால் குறைந்த மதிப்புக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தால் கையெழுத்திடுங்கள். பாதிகூடக் கிடைக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு விசாரணைக்குப் போங்கள்.

## மூன்றாம் வழி: ஏ.ஆர்.பி. முன் நீங்களே

அப்ரைசல் ரிவ்யூ போர்டு என்பது அந்தப் பகுதியில் குறைந்தது இரண்டு ஆண்டு வசித்தவர்களைக் கொண்ட குழு. நாட்டுப்புறத்தில் நிலத்தைத் தெரிந்தவர்கள். எந்த ஓடை வருஷா வருஷம் கரை மீறும் என்று நீங்கள் விளக்க வேண்டிய அவசியம் பல நேரம் இருக்காது. இதனால்தான் வெறும் நிலத்துக்கு ஏஜென்ட்டைவிட உரிமையாளரே பேசுவது மேல் என்று நான் நினைக்கிறேன். நிலத்தில் நடந்து பார்த்தவரின் பேச்சுக்கு அங்கே எடை உண்டு.

மதிப்பு வாதத்தில் நிரூபிக்கும் பொறுப்பு சட்டப்படி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் மேல். அவர்கள் என்ன சான்று காட்டப் போகிறார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் கேட்டும் விசாரணைக்கு 14 நாள் முன் தராத தகவலை அவர்கள் அங்கே சான்றாகப் பயன்படுத்த முடியாது. அந்தக் கட்டு கையில் வந்ததும் அவர்கள் எடுத்துக்காட்டும் விற்பனைகளைப் பாருங்கள். ஃபானின் கவுண்டியில் போய்ஸ் டார்க் ஏரிக்கரையில் விற்ற நிலத்தை வைத்து, ஏரிக்கு வெகுதூரம் உள்ளே இருக்கும் மேய்ச்சல் நிலத்துக்கு விலை சொல்லியிருந்தால், உங்கள் முதல் வாதம் தயார். 5 ஏக்கர் துண்டு விற்ற விலையை 40 ஏக்கருக்குப் பெருக்கியிருந்தாலும் அப்படியே. பரப்பு கூடக் கூட ஏக்கர் விலை இறங்குவது நில வியாபாரத்தில் இயல்பு.

விசாரணை சுருக்கமாகத்தான் நடக்கும். உங்கள் எண்ணை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "இதன் மதிப்பு 2,40,000, மூன்று காரணங்கள்." உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நகல் கொடுங்கள். வரி தாங்க முடியவில்லை, ஒரே ஆண்டில் முப்பது சதவீதம் ஏறிவிட்டது என்ற பேச்சு வேண்டாம். அது உண்மைதான் என்றாலும் வாரியத்துக்கு அதில் அதிகாரம் இல்லை.

செலவு என்பது பெரும்பாலும் ஒரு வேலைநாள், கவுண்டி தலைநகருக்குப் போய்வரும் தூரம். தொலைவு ஒரு தடை என்றால் ஃபோனில் பேசலாம். அதற்கு விசாரணைக்கு 10 நாள் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், சான்றுகளை அஃபிடவிட்டோடு (சத்தியப் பத்திரம்) முன்பே அனுப்ப வேண்டும். அஃபிடவிட்டை மட்டும் அனுப்பிவிட்டு ஆஜராகாமலும் இருக்கலாம், ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாததால் அது வலுவற்றது. வீடியோ விசாரணை எல்லாச் சிறிய கவுண்டிகளிலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. குறித்த நாள் ஒத்துவரவில்லை என்றால், ஏஜென்ட் இல்லாத உரிமையாளருக்குக் காரணம் சொல்லாமலே ஒரு முறை ஒத்திவைக்கக் கேட்கும் உரிமை உண்டு.

சான்றிதழ் பெற்ற அப்ரைசரின் மதிப்பீட்டறிக்கை வாங்குவது நல்லதா? 10 லட்சம் டாலருக்கு உட்பட்ட சொத்துக்கு அதை 14 நாள் முன்பே தாக்கல் செய்தால், அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் நிரூபணத் தரம் மேலே சொன்ன உயர்ந்த தரமாகிறது. ஆனால் ஏக்கர் கணக்கிலான நிலத்துக்கு இந்த அறிக்கைக்கே நல்ல தொகை ஆகும். 500 டாலர் மிச்சத்துக்காக வாங்காதீர்கள். வீடும் நிலமும் சேர்ந்து பெரிய தொகையாக, முதல் ஆண்டாகவும் இருந்தால் வாங்கலாம். கடன் வாங்கும்போது வங்கிக்காகச் செய்த அப்ரைசல் குறைவாக இருந்தால், புதிதாகச் செலவழிக்கும் முன் அதைத் தேடி எடுங்கள்.

## நான்காம் வழி: ஏஜென்ட்

சொத்து வரி ஆலோசகர்கள் டி.டி.எல்.ஆர். என்ற மாநில உரிமத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். படிவம் 50-162-இல் கையெழுத்திட்டால் அவர் உங்கள் பிரதிநிதி. அதன்பின் ஒப்பந்தங்களை அவரே முடிக்கலாம், கடிதங்களும் அவருக்கே போகலாம். அவர் ஒப்புக்கொண்ட எண் உங்களையும் கட்டும்.

பலர் "மிச்சத்தில் பங்கு" என்ற முறையில் வாங்குகிறார்கள். எந்த மிச்சம் என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பாருங்கள். உண்மையில் குறைந்த வரியில் பங்கு என்றால் நியாயம். நோட்டீஸில் இருந்த சந்தை மதிப்புக்கும் இறுதி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வரி விகிதத்தால் பெருக்கி அதில் பங்கு என்றால், உச்சவரம்புக்கு உட்பட்டவரும் வேளாண் மதிப்பீடு உள்ளவரும் தமக்குக் கிடைக்காத மிச்சத்துக்குக் கட்டணம் கட்டுவார்கள். ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கும் விதி இருக்கிறதா, விலக எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும் என்பதையும் பாருங்கள்.

மேலே போட்ட கணக்கில் 510 டாலர் மிச்சத்தில் 40 சதவீதம் அவருக்கு என்றால் 204 போய் 306 உங்களுக்கு. ஒரு நாள் விடுப்பு உங்களுக்கு அதைவிடப் பெரிது என்றால் ஏஜென்ட் சரிதான்.

ஏஜென்ட் நிச்சயம் மேலான இடங்கள் உண்டு: நீங்கள் வேறு மாநிலத்திலோ இந்தியாவிலோ இருக்கிறீர்கள்; பல கவுண்டிகளில் சொத்து; வாடகைக் கட்டடம் போல வருமானக் கணக்கை வைத்து மதிப்பிட வேண்டியது; சொத்தின் பெரும்பகுதி வீடு. வெறும் நிலம் என்றால் அவரிடம் நேராகக் கேளுங்கள்: இந்தக் கவுண்டியில் ஏற்கெனவே வாதாடியிருக்கிறீர்களா, விசாரணைக்கு யார் போவார், என் நிலத்தின் வெள்ள வரைபடத்தைப் பார்த்தீர்களா? மொத்தமாகப் பட்டியல் வைத்துப் பேசி முடிக்கும் நிறுவனத்துக்கு உங்கள் ஓடையைப் பற்றித் தெரிந்திருக்காது. அப்படி இருந்தால் சான்றுக் கட்டை நீங்களே தயார் செய்து கொடுங்கள்.

## வாரியமும் குறைக்கவில்லை என்றால்

ஏ.ஆர்.பி. உத்தரவு கைக்கு வந்த 60 நாளுக்குள் ஆர்பிட்ரேஷன் கேட்கலாம், அல்லது மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம்.

நடுத்தர நில உரிமையாளருக்கு ஆர்பிட்ரேஷன்தான் பொருத்தம். ஹோம்ஸ்டெட் அல்லாத சொத்து 10 லட்சம் டாலருக்கு உட்பட்டால் வைப்புத்தொகை 500 டாலர். 5 லட்சத்துக்கு உட்பட்ட ஹோம்ஸ்டெட்டுக்கு 450. முடிவு வாரியத்தின் எண்ணைவிட உங்கள் எண்ணுக்கு நெருக்கமாக வந்தால் 50 டாலர் போக மீதி திரும்ப வரும். இல்லையென்றால் அந்தத் தொகை ஆர்பிட்ரேட்டரின் கட்டணத்துக்குப் போகும். இதனால் மனுவில் நீங்கள் எழுதும் எண் முக்கியமாகிறது. ஆசைக்குத் தாழ்த்தி எழுதினால், மதிப்பு குறைந்தும் வைப்புத்தொகையை இழக்கலாம். உங்கள் சான்று தாங்கும் எண்ணையே எழுதுங்கள். வேளாண் விண்ணப்ப மறுப்புக்கு இந்த வழி இல்லை, அதற்கு நீதிமன்றம்தான். வழக்கறிஞர், நிபுணர் சாட்சி என்று செலவு ஏறும் வழி அது. வேளாண் மதிப்பீடு மறுக்கப்பட்டுப் பல ஆண்டு வரி கையை விட்டுப் போகும் நிலையில் மட்டும் யோசிக்கத் தக்கது.

## கெடு தாண்டிவிட்டால்

நோட்டீஸே வரவில்லை என்றால் அந்தக் காரணத்தையே வைத்து எதிர்க்கலாம். நோட்டீஸ் வந்தும் தவறவிட்டவர்களுக்கு, வரி பாக்கியாகும் நாளான பிப்ரவரி 1-க்கு முன் ஒரு திருத்த மனுவுக்கு இடம் உண்டு. ஹோம்ஸ்டெட்டில் சரியான மதிப்பைவிட நான்கில் ஒரு பங்கு, மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கு அதிகமாகப் போட்டிருக்க வேண்டும். வென்றாலும் 10 சதவீத அபராதம் உண்டு. அந்த ஆண்டு ஏற்கெனவே ஒப்பந்தமோ வாரிய உத்தரவோ ஆகியிருந்தால் இது கிடைக்காது. இல்லாத கொட்டகைக்கு வரி, ஒரே நிலம் இரண்டு கணக்கில், தட்டச்சுப் பிழை ஆகியவற்றை ஐந்து ஆண்டு பின்னோக்கியும் திருத்தக் கேட்கலாம். பழைய நோட்டீஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

எந்த வழியில் போனாலும், வழக்கு முடியாமல் இழுத்தாலும், ஜனவரி 31-க்குள் நீங்கள் மறுக்காத பகுதியின் வரியையாவது கட்டிவிடுங்கள். கட்டாமல் பாக்கி ஆனால் அபராதமும் வட்டியும் ஏறும், ஆர்பிட்ரேஷனும் வழக்கும் தள்ளுபடியாகலாம். பிறகு தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் அதிகம் கட்டியது திரும்ப வரும்.